திங்கட்கிழமை மழை

என் கையிலிருந்த இரண்டு மிளகாய் பஜ்ஜியையும் அந்த அம்மா தரையில் கொட்டிவிட்டார். அவை பஸ் ஸ்டாண்டுச் சாக்கடை ஓரமாக உருண்டன. பஜ்ஜி கட்டி வந்த காகிதம் மட்டும் அவர் கையில் இருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எண்ணெய் ஊறிய அந்தக் காகிதத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துச் சத்தமாகப் படித்தார்.

"‘காலையில் மஞ்சு மூட்டம். பிறகு நல்ல வெயில். களத்தில் காப்பி காயப் போட்டோம்.’ அடப் பாவி, தேதியக் கிழிச்சுட்டானே!"

கடைக்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, பஜ்ஜில ஏதாச்சும் கெடக்குதுங்களா?"

"பஜ்ஜில ஒண்ணும் இல்ல. காகிதத்துல ஒரு நாள் கெடக்குது. மிச்ச நாளெல்லாம் எங்கய்யா?"

"எடைக்கு வாங்குனதுங்க. மிச்சத்தையெல்லாம் ஜனங்க தின்னுட்டுப் போயிட்டாங்களே."

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, மீதியிருந்த காகிதக் கட்டைத் தாள் தாளாகப் பிரித்துப் பார்த்து, எழுத்து இருந்ததை எல்லாம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார். எனக்கு வேறு பஜ்ஜி வாங்கித் தரவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு வாங்கும் வழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

கொஞ்ச நாளில் அந்த அம்மாவின் வீட்டிலேயே சமையலுக்கும் கூட்டிப் பெருக்கவும் சேர்ந்தேன். சேலத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுத்து, ஓய்வு வாங்கிக்கொண்டு, தனியாக மலைக்கு வந்தவர். கிளியூர் போகிற ரோட்டில் ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், "என்னைக் கேட்டியா?" என்று போன இடத்திலிருந்தே சத்தம் போடுவார். ஊரில் அவருக்கு மழைக்காரம்மா என்று பெயர். பஸ் கண்டக்டர்கூட ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்பார்: "ஏனுங்கம்மா, நாளைக்கு மழை வருமுங்களா?"

"நாளைக்கு வர்றது ரேடியோக்காரன் வேலை. நேத்துப் பேஞ்சதுதான் என் வேலை. போய்யா, விசிலடி."

அவர் வேலை அதுதான். இந்த மலையில் முன்பெல்லாம் மழை எப்படிப் பெய்தது, குளிர் எப்படி இருந்தது, காப்பிச் செடி எந்த மாதத்து மழைக்குப் பூத்தது என்று பழைய டைரிகளிலிருந்து ஒவ்வொரு நாளாக மீட்டு எடுப்பது. யார் சம்பளம் கொடுத்தார்கள் என்றால், யாரும் கொடுக்கவில்லை. எஸ்டேட் டைரி, மளிகைக் கடை டைரி, கன்னியாஸ்திரீகள் சமையலறையில் எழுதி வைத்த நோட்டு, எதுவானாலும் வீடு தேடிப் போய்க் கேட்பார். கொடுக்காதவர்களோடு சண்டை போடுவார். கொடுத்தவர்களோடும், ஏன் கரையான் அரிக்க விட்டீர்கள் என்று சண்டை போடுவார்.

அவர் வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு தெரியாது. கட்டம் போட்ட தாள்களை ஒட்டிக்கொண்டே போயிருந்தார். ஒரு நாளுக்கு ஒரு கட்டம். மழைக்கு நீலப் பென்சில், வெயிலுக்கு மஞ்சள். எழுதிக் கிடைக்காத நாள் வெறும் வெள்ளை. மழை என்று எழுதாத இடத்திலும் அவர் மழையைக் கண்டுபிடிப்பார். மளிகைக் கடைக்காரர் ‘உப்பு மூட்டை கசிந்துவிட்டது’ என்று எழுதியிருந்தால் அந்தக் கட்டத்தில் மெல்லிய நீலம். சமையலறை நோட்டில் ‘கம்பளிகளை வெளியே போட்டோம்’ என்றிருந்தால் மஞ்சள். ‘சேலத்திலிருந்து ரொட்டி வரவில்லை, ரோடு மூடல்’ என்றிருந்தால் அழுத்தமான நீலம். அடுப்பு வேலையை விட்டுவிட்டு நான் நின்று பார்ப்பேன். உப்பு கசிந்ததையெல்லாம் ஒருவர் மதித்துச் சுவரில் ஏற்றுகிறாரே என்று இருக்கும்.

ஆனால் வாயால் சொன்னால் ஏற்றமாட்டார். அதுதான் அவர். வயதானவர்கள் வந்து திண்டு போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் காலத்துக் குளிரைப் பற்றிப் பெருமை பேசுவார்கள். அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "அன்னைக்கே எழுதுனதா?"

"எழுதலைங்க. ஆனா எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுங்க. அப்பல்லாம் இந்த ஊர்ல ஒரு ஊட்டுலகூட ஃபேன் கெடையாதுங்க."

"கரண்ட்டே கெடையாது. அப்பறம் ஃபேன் எங்கிருந்து வரும்?"

வந்தவர் காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்து போவார். ஞாபகம் என்பது சொல்லச் சொல்ல ஊறிப் பெருத்துக்கொண்டே போகும், எழுத்து எழுதிய அன்றோடு நின்றுவிடும் என்பது அவர் கட்சி. எனக்கு அது பிடிக்கவில்லை. எழுதத் தெரிந்தவன் வீட்டில் பெய்தால்தான் மழையா? நனைந்தவர்கள் நாங்கள், எழுதியவர் கூரைக்கடியில் இருந்தார். இப்படியெல்லாம் மனசுக்குள் பேசிக்கொண்டே பாத்திரம் விளக்குவேன். குழாயடியில் நின்று நான் பேசினால் அடுத்த குடத்துக்காரிக்கே கேட்காது. அந்த அம்மாவிடம் எப்படிப் பேசுவேன்?

ஆனால் ஒரு நாள் பேச வேண்டி வந்தது. நான் முன்பு வேலை செய்த எஸ்டேட் கை மாறியது. புது முதலாளி பழைய ஆபீஸ் சாமான்களைக் கொளுத்தப் போவதாகக் கேள்விப்பட்டு, அந்த அம்மா ஜீப் பிடித்துப் போய் ஒரு சாக்கு மூட்டையோடு வந்தார். மூட்டையில் மழை அளக்கிற கண்ணாடி ஜாடியும், சிவப்பு அட்டை போட்ட டைரிகளும் இருந்தன. அந்தச் சிவப்பு அட்டையை நான் முன்பே ஒரு தடவை பார்த்திருந்தேன்.

அது நடந்து அப்போது சில வருஷங்கள் ஆகியிருந்தன. எஸ்டேட் ஆட்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீடுகள், மேட்டை வெட்டிச் சமன் செய்த இடத்தில் வரிசையாக இருந்தன. ஓர் ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. விடியும்போதே பிடித்த மழை. கொஞ்சம் விட்டு வெளிவாங்கியபோது நான் சந்தைக்குப் போனேன்; போன கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பிடித்துக்கொண்டது. திரும்பி வரும்போது வீட்டுக்குப் பின்னாலிருந்த மேடு வீட்டுக்கு மேல் இருந்தது. உள்ளே என் வீட்டுக்காரர். பக்கத்து வீட்டுப் பின்வாசலில் நின்றிருந்த பாப்பாத்தி அக்காவின் மகளையும் மண் மூடியிருந்தது. இரண்டு பேரும் பிழைக்கவில்லை.

சேலத்திலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். பங்களா வராந்தாவில் எங்களை நிறுத்தி வைத்துவிட்டு, எஸ்டேட்டை நடத்திய துரை சிவப்பு அட்டை டைரியைப் பிரித்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக ஒரு கோடு. திங்கட்கிழமைக்கு நேராக ஓர் எண்.

"ரெண்டு நாளும் சேர்த்தே இவ்வளவுதான் மழை. வருஷா வருஷம் பெய்யறதுதான். இந்த மழைக்கு மேடு சரியாது. பின்னால தோண்டியிருக்கான், போய்ப் பாருங்க."

தோண்டியது உண்மை. ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தில் என் வீட்டுக்காரர் சேப்பங்கிழங்கு நட்டிருந்தார். ஒரு பாய் அகலம்! அவ்வளவு பெரிய மேடு அதனால்தான் சரிந்ததாம். டைரியில் மழைக் கணக்கு எழுதிய எஸ்டேட் ரைட்டர் பக்கத்தில் கைகட்டி நின்றார். விசாரணைக்காரர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். இறந்து போன மனுஷன்மேல் இரண்டு உயிரின் பழி விழுந்தது.

பாப்பாத்தி அக்கா அன்று என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான்: "மழை எல்லா ஊட்டு மேலயும்தான் பேஞ்சுது. தோண்டுனது உம்புருசன் ஒருத்தன்தான்."

அதன் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. எங்களை மாற்றிவிட்ட புது லைனிலும் அடுத்தடுத்த வீடுதான், ஒரே குழாய்தான். நான் வந்தால் அவர் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார், பாதி நிறைந்திருந்தாலும்.

அதனால்தான் அந்த அம்மாவிடம் கேட்டேன். சுவரில் அந்த வருஷத்துத் தாளை ஒட்டிக்கொண்டிருந்தார். பின்னால் நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்நாளில் அதுவரை அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. கடைசியில் கேட்டேன்: "அந்த ஞாயித்துக்கெழமைக்கு நல்லா அழுத்தி நீலம் அடிச்சுருங்கம்மா. நான் நனைஞ்சு வந்தவளுங்க."

அவர் பசைக் கையோடு திரும்பிப் பார்த்தார். "அன்னைக்கே எழுதுனதா?"

புருஷனைப் பறிகொடுத்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? செத்த வீட்டில் உட்கார்ந்து டைரி எழுத நான் என்ன துரைசானியா? கரண்டியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த நாளும் போகவில்லை, அதற்கடுத்த நாளும் போகவில்லை. அப்புறம் ஒரு சாயங்காலம் அவரே குடை பிடித்துக்கொண்டு லைனுக்கு வந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை இல்லை.

"தோசை மாவு பொங்கித் தரையெல்லாம் வழிஞ்சு கெடக்குது. எனக்குத் துடைக்கத் தெரியல. வா புள்ள."

போனேன். வேறென்ன செய்வது? வயிறு இருக்கிறதே.

கொஞ்ச நாளில் அவருக்குக் காய்ச்சல் வந்து, ஒரு பகல் முழுதும் கண் திறக்காமல் கிடந்தார். நல்ல மழை அன்று. மறுநாள் எழுந்து உட்கார்ந்ததும் பென்சிலைக் கேட்டார். "நேத்து மத்தியானத்துக்கு மேல ஒரே மழைங்கம்மா" என்றேன். பென்சிலைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் கட்டத்தையே பார்த்தார். பிறகு அதை வெள்ளையாகவே விட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனார். "நான் பாக்கல, அளக்கல" என்றார். தனக்கே சலுகை தராத பொம்பளை என்று அன்றுதான் பார்த்தேன். என் கோபம் குறையவில்லை. ஆனால் அந்தக் கோபத்தை அவர்மேல் வைப்பதா என்று ஒரு தடுமாற்றம் வந்தது.

அதற்கப்புறம்தான் திங்கட்கிழமை விவகாரம். அந்தச் சிவப்பு டைரிகளை வருஷம் வருஷமாகச் சுவரில் ஏற்றி முடித்துவிட்டு, அறை நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இங்க வா. இந்த மழைக்குத் திங்கக்கெழமை மேல என்ன அவ்வளவு பாசம்?"

பார்த்தேன். திங்கட்கிழமை வரிசை மட்டும் மேலிருந்து கீழ்வரை நீலமாக இறங்கியது. அதற்கு முந்தின வரிசை முழுக்கக் கோடு. ஞாயிற்றுக்கிழமையில் அந்த எஸ்டேட்டில் ஒரு சொட்டுகூட விழுந்ததில்லை, எந்த வருஷத்திலும்!

"அதுமட்டுமில்ல, இதப் பாரு." பெரிய மழை என்று அழுத்தி நீலம் அடித்திருந்த திங்கட்கிழமைகள்மேல் விரலை ஓட்டினார். "எல்லாத்துலயும் ஒரே எண். இந்த வருஷமும் அதே எண், அந்த வருஷமும் அதே எண். உங்க ஐப்பசியிலயும் அதே எண். மழை என்ன, எவனாவது போதும்னு சொன்ன எடத்துல நிக்குமா? அந்த ரைட்டர் உசுரோட இருக்கானா?"

"அடிவாரத்துல இருக்காருங்க."

கண்ணாடி ஜாடியைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினோம். எனக்குக் குமட்டியது, அவருக்கு எதுவும் ஆகவில்லை. வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

ரைட்டர் ஓய்வு வாங்கிக்கொண்டு மகனோடு இருந்தார். நல்ல மனுஷன் போல வரவேற்றார். "வாங்கம்மா, உக்காருங்க, மோர் சாப்பிடுங்க." வாசலில் நின்ற எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஞாயித்துக்கெழமை மழைய யாரு அளந்தது?" என்று அந்த அம்மா ஆரம்பித்தார்.

"ஞாயித்துக்கெழமை லீவுங்களே."

"உங்களுக்கு லீவு. மழைக்கும் லீவா?"

அவர் சிரித்தார். "சனிக்கெழமை சாயங்காலம் பஸ்ஸேறி ஊட்டுக்கு வந்துருவனுங்க. திங்கக்கெழமை மொதப் பஸ்ஸுல போயி மழை புடிக்கற டப்பாவத் தெறந்து பாப்பேன். உள்ள இருக்கற பாட்டில்ல ரெண்டு நாள் மழையும் சேந்து நிக்கும். அத அளந்து திங்கக்கெழமைல எழுதிட்டு, ஞாயித்துக்கெழமைக்கு ஒரு கோடு போட்டுருவனுங்க. எனக்கு முந்தி இருந்தவரும் அப்படித்தானுங்க. எல்லா எஸ்டேட்டுலயும் அப்படித்தானுங்க."

"பாட்டில் நெறஞ்சுட்டா?"

"டப்பாவுக்குள்ள வழியுமுங்க."

"அதையும் அளந்தீங்களா?"

"எங்கீங்க! டப்பா அடி துருப்பிடிச்சு ஓட்டை. மண்ணுக்குள்ள போயிரும். புது டப்பா கேட்டுப் பாத்தனுங்க, துரை வாங்கித் தரலை."

"அந்தப் பாட்டில் எங்க?"

அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். மருமகள் கொண்டுவந்து வைத்தாள். அதில் மண்ணெண்ணெய் இருந்தது. ரிட்டையர் ஆனபோது கையோடு எடுத்து வந்துவிட்டாராம்.

அந்த அம்மா மண்ணெண்ணெயை ஒரு சொம்பில் ஊற்றிவிட்டு, பாட்டிலைக் கழுவி, வாய்வரை தண்ணீர் பிடித்தார். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி, கோடு பார்த்து, கீழே கொட்டி, மறுபடியும் ஊற்றி, உதடு அசையக் கூட்டினார். பாட்டில் காலியானது. பையிலிருந்து டைரியை எடுத்து அந்த எண்ணையும் தன் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார். ஒன்றுதான்.

"இது மழையோட அளவில்ல. பாட்டிலோட அளவு" என்றார். கத்தாமல், மெதுவாகச் சொன்னார். அவர் கத்தாமல் பேசினால்தான் பயமாக இருக்கும். "நெறஞ்சு வழிஞ்சுதுன்னு பக்கத்துல ஒரு வார்த்தை எழுத மை இல்லையா உங்ககிட்ட?"

"எழுதுனா, வழியற வரைக்கும் நீ எங்க இருந்தேன்னு துரை கேப்பாருங்களே. ஞாயித்துக்கெழமையும் மலையிலயே இருக்கோணும்னுதான் எனக்கு உத்தரவு."

"வாசல்ல நிக்கறது யாருன்னு தெரியுதா?"

அப்போதுதான் ரைட்டர் என்னை நன்றாகப் பார்த்தார். முகம் மாறியது. தலையைக் குனிந்துகொண்டார்.

"விசாரணைல நீங்க என்ன சொன்னீங்க?"

"டைரில இருக்கறது உன் கையெழுத்தான்னு கேட்டாங்க. ஆமான்னேன்."

"பாட்டில் வழிஞ்சத?"

"அதக் கேக்கலைங்க."

கேட்கவில்லையாம். நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதைக் கேட்கவில்லை என்று அந்த மனுஷன் வீட்டுக்கு வந்து சோறு தின்றிருக்கிறார். அத்தனை வருஷம் நான் குழாயடியில் தலை குனிந்து நின்றேன், அவர் வீட்டில் அந்தப் பாட்டில் விளக்குக்கு எண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்தது. சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. பாதி குடித்த மோர் டம்ளரைத் தரையில் வைத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

கிளம்பும்போது ரைட்டர் பின்னாலேயே வந்தார். "அம்மா, அன்னைக்கு டப்பாவச் சுத்தி மண்ணெல்லாம் கொழகொழன்னு கெடந்துச்சுங்க. வாளி வாளியா வழிஞ்சிருக்கோணும். வேணும்னா எழுதிக்கங்க."

அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அன்னைக்கு எழுதியிருக்கோணும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சிவப்பு மையை எடுத்தார். அந்த எண் இருந்த திங்கட்கிழமைகளில் எல்லாம், கட்டத்துக்குள் எறும்பு எழுத்தில் எழுதினார்: ‘பாட்டில் நிறைந்தது. மேலே எவ்வளவு என்று தெரியாது.’ ஞாயிற்றுக்கிழமைக் கோடுகளை அழித்து ‘அளக்கவில்லை’ என்று எழுதினார். எங்கள் ஞாயிற்றுக்கிழமையும் ‘அளக்கவில்லை’தான்.

"நீலம் அடிக்கலீங்களா?" என்று கேட்டேன்.

"எவ்வளவு அடிக்கறது? எனக்குத் தெரியாதே."

"இவ்வளவுதானுங்களா அப்போ?"

"இவ்வளவுதான். மழை கம்மின்னு சொல்றதுக்கு அவனுக்கு யோக்யதை இல்லைங்கற வரைக்கும்தான் என் கையில இருக்குது. கெழங்கு தோண்டுனதால சரிஞ்சுதா, மழையால சரிஞ்சுதான்னு என்னைக் கேக்காதே. இதுக்கு மேல ஒரு சொட்டுச் சேர்த்தாலும் நானும் அந்த ரைட்டர்தான்."

எனக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில்தான் வந்தது. ஒரு சின்ன நீலப் பென்சில். அதைச் சாய்த்து நாலு இழுப்பு இழுத்தால் என்ன குறைந்துவிடும் இந்த அம்மாவுக்கு? அப்படித்தான் அன்று நினைத்தேன்.

ஆனால் மறுநாள் அவர் செய்ததையும் சொல்ல வேண்டும். பாப்பாத்தி அக்கா விறகுக் கட்டோடு ரோட்டில் போய்க்கொண்டிருந்தார். அந்த அம்மா கேட்டுக்கு வெளியே போய் வழி மறித்தார். நான் ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"ஏம்மா, நில்லு. அந்த ஐப்பசில உங்க எஸ்டேட் டைரில எழுதுனது மழையோட அளவில்ல, பாட்டிலோட அளவு. பாட்டில் நெறஞ்சு வழிஞ்சுது. மேலே எவ்வளவுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. கொஞ்சம்தான் பேஞ்சுதுன்னு துரை சொன்னது பொய்."

பாப்பாத்தி அக்கா கட்டை இறக்கவில்லை. "எவ்வளவு பேஞ்சுதுன்னு நீங்க எனக்குச் சொல்றீங்களா? எம்புள்ள மேல அல்ல விழுந்துச்சு!"

விறகுக் கட்டு மேட்டில் ஏறி மறையும்வரை அந்த அம்மா ரோட்டிலேயே நின்றார். உள்ளே வந்து, "காப்பி போடு" என்றார். போட்டுக் கொடுத்ததைக் குடிக்கவில்லை.

பிறகு அவருக்கு நெஞ்சு வலி வந்து சேலத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஜீப்பில் ஏறும்போதும் என்னிடம் சொன்னது, தினமும் மழையை அளந்து எழுதி வை என்றுதான். நான் எழுதினேன், அவர் திரும்பி வரமாட்டார் என்று செய்தி வந்த நாள்வரைக்கும் எழுதினேன். அவருடைய தங்கை மகன் வந்து, சுவர்த் தாள்களை ஈரத்துணி வைத்து உரித்துச் சுருட்டி, ஒரு காலேஜுக்குக் கொடுத்துவிட்டார்.

இதெல்லாம் ஊருக்கு டிவி வருவதற்கு முந்தின கதை. இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், இந்தக் கோடை விழாவில் நடந்ததால்தான்.

ஏரிப் பக்கத்துக் கூடாரம் ஒன்றில் மலையின் பழைய மழையைப் பற்றிக் காட்சி வைத்திருப்பதாகப் பேத்தி சொன்னாள். போனேன். அந்த அம்மாவின் சுவர் அங்கே பளபளவென்று ஃப்ளெக்ஸில் நின்றது. அவர் பெயரை ஒரு மூலையில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். கட்டங்கள் இல்லை, குச்சி குச்சியாக நீலக் கம்பங்கள். தேடித் தேடி எங்கள் ஐப்பசியைக் கண்டுபிடித்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு அடியில் சுழி. திங்கட்கிழமைக்கு ஒரு கட்டை நீலக் கம்பம். அதே எண். சிவப்பு எழுத்து எங்கேயும் இல்லை.

காலேஜ் பெண் ஒருத்தி, சின்ன வயசு, மரியாதையாக வந்தாள். "என்ன பாட்டி தேடறீங்க?"

"இங்க சிவப்பு மைல எழுதியிருந்துச்சே கண்ணு."

"குறிப்பெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தலைங்க பாட்டி. எண்ணு மட்டுந்தான் ஏறும். அளக்காத நாளுக்கு சைபர் வந்துரும்."

"சைபர்னா மழை இல்லைன்னு அல்ல ஆயிரும்?"

"ஒண்ணு ரெண்டு நாள்தானே பாட்டி. மொத்தத்துல பெருசா வித்தியாசம் வராது."

வித்தியாசம் வராதா! எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. கூடாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு குரல் கிளம்பியது; அது என் குரல்தான். "யார் அளந்தா இத? ஞாயித்துக்கெழமை எவன் இருந்தான் அங்க? இது பாட்டிலோட அளவு! ஒரு பொம்பள கண்ணு பூத்துப் போற வரைக்கும் உக்காந்து, தெரியாததத் தெரியாதுன்னு எழுதி வெச்சுட்டுப் போயிருக்கறா. அத அழிச்சுட்டுச் சுழி போட உங்களுக்கு யாரு உத்தரவு குடுத்தா?"

பூச்செடி பார்க்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணுக்கு முகம் வெளிறிவிட்டது. என்னை வெளியே கூட்டிப் போக ஒரு ஆள் வந்தார். இனி ஒரு சொல் வராது என்று எனக்கே தெரிந்தது.

கூடார வாசலில் சோளக்கருது விற்றுக்கொண்டிருந்த பாப்பாத்தி அக்கா எழுந்து உள்ளே வந்தார். விசிறியும் கையுமாக வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராக அந்தப் பெண்ணிடம் போனார்.

"எழுது சாமி. பாட்டில் நெறஞ்சு வழிஞ்சுது. மேலே எவ்வளவுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது."

விறகுக் கட்டோடு ரோட்டில் நின்று கேட்ட வார்த்தைகள், ஒன்றுகூடச் சிந்தாமல் வந்தன.

அந்தப் பெண் ஒரு சீட்டில் எழுதினாள். அதைத் திங்கட்கிழமைக் கம்பத்துக்கு மேல் டேப் வைத்து ஒட்டினாள். ஞாயிற்றுக்கிழமைச் சுழியை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், அது போகவில்லை. அதன்மேலும் ஒரு சீட்டை ஒட்டி, ‘அளக்கவில்லை’ என்று எழுதினாள். விழா முடிந்தால் ஃப்ளெக்ஸைச் சுருட்டிவிடுவார்கள், கம்ப்யூட்டரில் அந்தச் சுழி அப்படியேதான் இருக்கும். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

பாப்பாத்தி அக்கா சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது.

"நான் சொன்னதத்தான் எழுதியிருக்கறாளா?" என்று கேட்டார். என்னைத்தான் கேட்டார். அந்த ஐப்பசிக்குப் பிறகு, முதல் தடவையாக.

"ஆமாங்க்கா. அதேதான்."

தலையை ஆட்டிவிட்டு அவர் கருது சுடப் போனார். நானும் கிளம்பினேன். வாசல்வரை போனவள், அந்த அம்மா இருந்திருந்தால் என்ன கத்தியிருப்பார் என்று நினைவு வந்து, திரும்பி அந்தப் பெண்ணிடம் வந்தேன்.

"கண்ணு, ரெண்டு சீட்டுலயும் இன்னைக்குத் தேதியப் போட்டுரு. அன்னைக்கு எழுதுனதுன்னு யாராச்சும் நெனச்சுக்கப் போறாங்க."